பள்ளி வேலிக்கும் கழிவுநீர்த் தொட்டிக்கும் இடையே எத்தனை மீட்டர்?



சென்ற பள்ளித் தவணையின் கடைசி வாரத்தில் பெற்றோர் ஒருவர் என்னைத் தேடி ஆசிரியர் அறைக்கு வந்தார். கனவுந்து ஓட்டுநர், அவருடைய பிள்ளைகள் இருவர் எம் பள்ளியில் பயில்கின்றனர். கையில் நீண்டதொரு தாள். "எங்கள் பள்ளிக்கு அருகில் கழிவுநீர்த் தொட்டி வேண்டாம்" என்று தலைப்பிட்டு, கீழே நூற்றுக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டிருந்தனர். "ஐயா, நீங்களும் ஒரு கையெழுத்துப் போடுங்க. பிள்ளைங்க சாப்பிடுற இடத்துக்குப் பின்னாலேயே கட்டப் போறாங்களாம்" என்றார்.

செய்தி உண்மைதான். பள்ளிக்குப் பின்புறம் நானூறு வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பு எழவிருக்கிறது. அதன் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் தொட்டிகளை, எங்கள் சிற்றுண்டிச்சாலை வேலிக்கும் சிற்றாற்றுக்கும் இடைப்பட்ட நிலத்தில் அமைக்கத் திட்டமிட்டு, முளைக்குச்சிகளும் அடித்திருந்தனர். மாநகரின் ஓரத்தில், ஜெலுத்தோங் நிலையத்துக்குச் செல்லும் பெருங்குழாய் எட்டாத பகுதி எங்களுடையது. ஆகவே இங்கெழும் ஒவ்வொரு புதுக்குடியிருப்பும் தன் கழிவுக்குத் தானே இடம் தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நான் உடனே கையொப்பமிடவில்லை. அவருக்கு அது வருத்தந்தான், முகத்திலேயே தெரிந்தது. "வேண்டாம்" என்று எழுதினால், பிறகு அந்த நானூறு வீட்டுக் கழிவு எங்கே போவது என்ற வினா எனக்குள் எழுந்ததே காரணம். அதை அவரிடம் கேட்டேன். "அது அவங்க பிரச்சினை ஐயா" என்றார். அன்று மாலை சிற்றுண்டிச்சாலைக்குப் பின்னால் நடந்து சென்றபோதுதான் அது எங்கள் பிரச்சினையுமாக எனக்குத் தோன்றியது. கழிப்பறைக் கட்டடத்தை ஒட்டி, காரைத்தளத்தின் அடியில் எம் பள்ளிக்கென்று ஒரு செப்டிக் தொட்டி இருக்கிறது. அதன் மூடியின்மேல் பல ஆண்டுகளாகப் பூந்தொட்டிகள் வீற்றிருக்கின்றன. இத்தகைய தொட்டியில் சேரும் கசடை இரண்டாண்டுக்கு ஒருமுறை எடுத்துவிட வேண்டும். எங்கள் தொட்டியைக் கடைசியாக எப்போது திறந்தார்கள் எனக் கோப்புகளில் தேடினேன். ஒரு குறிப்பும் அகப்படவில்லை. அங்கிருந்து பிள்ளைகள் உணவருந்தும் மேசைவரை எண்ணி நடந்தேன். ஒன்பது அடி வைப்புகள்.

நூறு பேர் கையொப்பமிட்டு எதிர்க்கும் தொட்டி இன்னும் கட்டப்படவே இல்லை. எவரும் எதிர்க்காத தொட்டியோ ஒன்பது அடி வைப்பில் இருக்கிறது.

கழிவுநீர்ப் பொறியியலில் ஒரு வேடிக்கையான கணக்கு உண்டு. ஒரு நிலையத்தின் அளவை, அது எத்தனை ஆள்களின் கழிவைத் தாங்கும் என்பதைக் கொண்டே சொல்வர். ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 225 லிட்டர். ஒரு வீடு 5 ஆளுக்கு நிகர். வீட்டிலிருந்து வந்து போகும் பள்ளி மாணவனோ 0.2 ஆள், அதாவது, ஐந்து பிள்ளைகள் சேர்ந்தால்தான் அந்தக் கணக்கில் ஒரு மனிதர்! இதைக் கேட்ட எங்கள் ஆறாம் ஆண்டு மாணவர் சிலர் மிகவும் மனம் நொந்தனர். 320 மாணவர் பயிலும் எம் பள்ளி 64 ஆளுக்கு நிகர். பதின்மூன்று வீடுகளுக்கும் சற்றுக் குறைவு. பின்னால் எழவிருக்கும் நானூறு வீடுகளோ 2,000 ஆள். நாளொன்றுக்கு 450,000 லிட்டர் கழிவுநீர். இவ்வளவு நீரை "வேண்டாம்" என்ற ஒரு சொல்லால் மறையச் செய்ய இயலாது. தொட்டி கட்டப்படாவிட்டால் அது ஆற்றில்தான் இறங்கும்.

நம் ஊர் இதனைப் பட்டறிந்த ஊர். ஜோர்ஜ் டவுனின் பழைய கடைவீடுகளுக்குப் பின்னே ஓடும் சந்துகளில் நடந்தால், சில சுவர்களின் அடியில் அடைக்கப்பட்ட சிறு வாயில்களை இன்றும் காணலாம். இரவில் மலவாளியை எடுத்து மாற்றுவதற்கென்று விடப்பட்டவை அவை. நகராண்மையின் துப்புரவுப் பணியில் நம்மவர் பெருந்தொகையினராக உழைத்த காலம் அது. அந்த வாளியைச் சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கின்றனர். பின்னர் நிலத்தடிக் குழாய்கள் வந்தன; வாளி ஒழிந்தது. ஆயினும், குழாய்வழி சென்ற கழிவு நெடுங்காலம் சுத்திகரிக்கப்படாமலே கடலைச் சேர்ந்தது. கண்ணுக்குத் தெரியாமற் போனதை நகரம் தூய்மை என்று எண்ணிக்கொண்டது.

அந்தக் கழிவைத் தூய்மை செய்ய இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் எழுந்ததுதான் ஜெலுத்தோங் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம். எட்டு இலட்சம் ஆளுக்கு நிகரான கழிவைத் தாங்கும் வண்ணம் திட்டமிடப்பட்டது. ஒரே தொட்டியில் முறைவைத்து நீரை நிரப்பி, காற்றூட்டி, கசடு படிய விட்டு, தெளிந்த மேல்நீரை இறக்கும் முறையில் அது இயங்குகிறது. அந்நிலையம் எங்கே அமைந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். கடலோரத்தில், நகரத்தின் குப்பைமேட்டுக்குப் பக்கத்தில். 2022 ஏப்ரலில் அந்தக் குப்பைமேடு தீப்பற்றிப் புகைந்தபோது, சுற்றுவட்டாரப் பள்ளிகள் சிலவற்றை மூட நேர்ந்ததை ஆசிரியர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். குப்பைமேடும் கழிவுநீர் நிலையமும் எல்லா ஊர்களிலும் அண்டை வீட்டாராகவே இருக்கின்றன. சென்னையின் வடபுறத்துக் கொடுங்கையூரில் அப்படித்தான். தென்புறத்துப் பெருங்குடியிலும் அப்படித்தான். பெருங்குடியில் இரண்டும் போய் உட்கார்ந்த இடம் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம். அதுவோ 2022இல் உலகளாவிய ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்ட நீர்நிலம். எவரும் கேட்பாரற்ற நிலம் எதுவோ அங்கே தொட்டி போகும் என்பதே எழுதப்படாத விதியாக இருந்து வந்திருக்கிறது.

எழுதப்பட்ட விதிகளும் உள்ளன. அவற்றைப் பெற்றோர் தெரிந்து வைத்திருப்பது நன்று.

கழிவுநீர் தானாகவே தாழ்விடம் நோக்கி ஓடும். மேலேற்ற வேண்டுமாயின் இயந்திரமும் மின்சாரமும் வேண்டும். எனவே ஒரு குடியிருப்பின் மிகத் தாழ்ந்த மூலையில்தான் தொட்டியை வைக்க எவரும் விரும்புவர். நம் தீவில் தாழ்ந்த மூலை என்றால் அது பெரும்பாலும் ஆற்றங்கரையோ கடற்கரையோதான். அங்கே வடிகால் நீர்ப்பாசனத் துறையின் ஒதுக்கு நிலக் கணக்கு குறுக்கே வருகிறது. ஐந்து முதல் பத்து மீட்டர் அகலமுள்ள ஆற்றுக்குக் கரையோரம் 10 மீட்டர் விட வேண்டும், இருபது மீட்டர் அகலம்வரை 20, நாற்பதுவரை 40, அதற்கும் அகன்ற ஆற்றுக்கு 50. மணற்கரையாயின் உயர் ஓதக்கோட்டிலிருந்து 60 மீட்டர். சேற்றுக்கரையாயின் கண்டற்காட்டின் கடலோர விளிம்பிலிருந்து 400 மீட்டர். சரி, மேட்டுக்குப் போவோம் என்றால், கடல்மட்டத்துக்கு 76 மீட்டருக்கு மேற்பட்ட நிலமும் 25 பாகைக்கு மேல் சரிந்த நிலமும் பினாங்கில் மலைநிலக் கட்டுப்பாட்டுக்குள் அடங்கும். எஞ்சியிருப்பது நடுவில் உள்ள தட்டை நிலம். அங்கே நாமும் நம் வீடுகளும் பள்ளிகளும்.

இவ்வொதுக்கு நிலங்கள் அலுவலகத்தாரின் பிடிவாதத்தால் வந்தவை அல்ல. தண்ணீர்மலை அடிவாரத்தில் பளிங்காக இறங்கும் ஆயர் தெர்ஜுன் ஆறு, ஆயர் ஈத்தாம் ஆற்றோடு கூடிச் சுங்கை பினாங்கு ஆகி ஜெலுத்தோங் பக்கம் கடலைச் சேரும்போது என்ன நிறத்தில் இருந்து வந்திருக்கிறது என்பதைப் பினாங்குவாசிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தைப்பூசத்தன்று அந்த மலைக்கு ஏறும் நாம், அதே நீர் நகரத்துக்குள் என்ன ஆகிறது என்று திரும்பிப் பார்ப்பது அரிது. ஆற்றோரத் தொட்டி பெருமழையில் நிரம்பி வழிந்தால், அந்த 10 மீட்டர் புல்தரைதான் முதல் தடுப்பு. கரை அரிந்து போனாலும் தொட்டியின் சுவர் தப்புவது அதனால்தான். தூர்வார வரும் இயந்திரம் நிற்பதும் அந்தப் புல்லின்மேல்தான்.

இனி வீட்டுப் பக்கத்துக் கணக்கு. தேசிய நீர்ச்சேவை ஆணையத்தின் கழிவுநீர்த் தொழில் வழிகாட்டி நெறிகளின்படி, திறந்த சுத்திகரிப்பு நிலையத்தின் வேலியிலிருந்து குடியிருப்பு அல்லது வணிகப் பகுதியின் மிக அருகிலுள்ள மனையெல்லைவரை 30 மீட்டர் இடைவெளி வேண்டும். தொழிற்பேட்டையாயின் 20. முற்றிலும் மூடப்பட்ட நிலையமாயின் 10. தொட்டியின் சுவரிலிருந்து அளப்பதன்று, நிலையத்தின் வேலியிலிருந்து அளப்பது என்பதை நினைவில் கொள்க. இந்த ஒரு சொல்லில் பல மீட்டர்கள் மறைந்துபோவதுண்டு.

ஒரு சனிக்கிழமை காலை, அந்தக் கனவுந்து ஓட்டுநரையும் ஆறாம் ஆண்டு மாணவர் அறுவரையும் அழைத்துக்கொண்டு, விளையாட்டுப் போட்டிக்கு நாங்கள் பயன்படுத்தும் 50 மீட்டர் அளவு நாடாவுடன் வேலியோரம் சென்றேன். நிலத்துக்குள் நுழைய மேற்பார்வையாளரிடம் ஒப்புதலும் பெற்றிருந்தோம். பள்ளி வேலியிலிருந்து ஆற்றங்கரைவரை 60 மீட்டர் இருந்தது. எங்கள் வேலியிலிருந்து முதல் முளைக்குச்சிவரை 24 மீட்டர். முளைக்குச்சிகளுக்கு இடையே நிலையத்தின் அகலம் 30. அப்பால் ஆறுவரை எஞ்சியது 6. ஆற்றின் அகலம் எட்டு மீட்டர் அளவில் இருக்கும். அப்படியானால் அதற்கு 10 மீட்டர் உரியது.

மாணவி ஒருத்தி நாடாவைச் சுருட்டிக்கொண்டே, "ஐயா, அவங்க ரெண்டு பக்கமும் தப்பாக் கணக்குப் போட்டிருக்காங்க" என்றாள். பள்ளிக்கு 30, ஆற்றுக்கு 10 போக, நிலையத்துக்கு எஞ்சுவது 20 மீட்டர் அகலந்தான். அவர்களோ 30 எடுத்துக்கொண்டு, பள்ளியிடமிருந்து ஆறும் ஆற்றிடமிருந்து நான்கும் கழித்துவிட்டனர். நான்காம் ஆண்டுக் கணக்கு இது.

மேம்பாட்டாளரின் அலுவலகத்துக்கும் உரிய அரசுத் துறைக்கும் இந்த அளவுகளை எழுதி அனுப்பினோம். கூட்டத்துக்கு வந்த அலுவலர், பள்ளி வேலியையும் குடியிருப்பு எல்லையாகவே கொண்டு அளக்க வேண்டும் என்று ஏற்றுக்கொண்டார். மகிழ்ந்தோம். மூன்று வாரத்தில் மேம்பாட்டாளரிடமிருந்து புதிய வரைபடம் வந்தது. அதை விரித்துப் பார்த்த தலைமையாசிரியர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

நிலையத்தை முற்றிலும் மூடப்பட்டதாக மாற்றியிருந்தனர். மூடிய நிலையத்துக்கு 10 மீட்டரே போதும். ஆற்றின் 10 மீட்டருக்கோ மூடி போட்டாலும் விலக்கு இல்லை. ஆகவே ஆற்றுக்கு உரியதைக் கொடுக்க நிலையத்தை நான்கு மீட்டர் எங்கள் பக்கம் நகர்த்திவிட்டார்கள். முன்பு 24 மீட்டரில் இருந்த வேலி இப்போது 20 மீட்டரில். நாங்கள் அளந்து எழுதியதன் பயனாகத் தொட்டி சிற்றுண்டிச்சாலைக்கு மேலும் அருகில் வந்துவிட்டது; அதுவும் விதி பிசகாமல்!

பெற்றோர் சிலர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே விரித்துரைக்க விரும்பவில்லை.

ஆனால், இதிலிருந்துதான் நான் சொல்ல வந்த கருத்துப் பிறந்தது. 30 மீட்டர் வெற்று நிலமும், 10 மீட்டர் நிலத்தோடு கூடிய ஒரு மூடியும் வழிகாட்டி நெறியில் சமமாக வைக்கப்பட்டுள்ளன. நாற்றத்தைத் தடுப்பதில் அவை சமமாகவே இருக்கலாம், மூடியும் விசிறியும் இயங்கும் நாள்வரை. கழிவுநீர் நாறுவதற்குக் காரணம், அது காற்றில்லாமல் தேங்கும்போது எழும் வளிமங்கள். வந்து விழும் வாயிலும் கசடு சேரும் தொட்டியுமே முதன்மையாக நாறும் இடங்கள். நம்முடைய வெயிலில் அது விரைந்து நடக்கும். நிலையத்தை மூடிவிட்டால் அவ்வளிமம் உள்ளேயே அடைபடுகிறது. அதை உறிஞ்சி வெளியேற்ற விசிறி வேண்டும். நாற்றத்தை நீக்க வடிகட்டி வேண்டும். வடிகட்டியை மாற்றப் பணம் வேண்டும். மூடியின் அடிப்புறம் அரிக்கப்படுகிறதா என்று பார்க்க ஆள் வேண்டும். உள்ளே இறங்குபவர் மூச்சடைத்து மாளாமலிருக்கக் கருவியும் பயிற்சியும் வேண்டும். முப்பது மீட்டர் புல்தரைக்கு இவை ஒன்றுமே வேண்டா. மின்சாரம் நின்றாலும் அது வேலை செய்யும். நிறுவனம் கைமாறினாலும் வேலை செய்யும். ஞாயிற்றுக்கிழமையும் வேலை செய்யும்.

மூடிய நிலையம் தீது என்பதன்று என் கருத்து. கோலாலம்பூர் லெம்பா பந்தாயில் 2010களில் கட்டி முடிக்கப்பட்ட இரண்டாம் பந்தாய் நிலையம் பதினான்கு இலட்சம் ஆளுக்கு நிகரான கழிவை நிலத்தடியில் சுத்திகரிக்கிறது. மேலே மக்கள் நடக்கும் பூங்காவும் விளையாடும் திடலும் உள்ளன. சிங்கப்பூரோ 48 கிலோமீட்டர் ஆழ்சுரங்கக் குழாய் அமைத்து, 2009இல் திறந்த சாங்கி நிலையத்துக்குக் கழிவைக் கொண்டு சேர்த்து, நகர் நடுவிலிருந்த பழைய நிலையங்களின் நிலத்தை மீட்டுக்கொண்டது. இவை பேரளவு நிலையங்கள். இரவும் பகலும் பொறியாளர் இருக்கும் இடங்கள். நம் நாட்டில் இண்டா வாட்டர் நிறுவனம் பேணும் நிலையங்கள் ஏழாயிரத்துக்கும் மேல். அவற்றுட் பெரும்பாலானவை தாமான்களின் மூலையில் கிடக்கும் சிறு நிலையங்கள். மேம்பாட்டாளர் கட்டிக் கொடுத்துவிட்டுப் போவார். பின்னர் அதை ஏற்று நடத்துவது பொது நிறுவனத்தின் பொறுப்பு. 2,000 ஆளுக்கான தொட்டிக்கு இரவுக் காவலாக ஒரு பொறியாளரை எவரும் அமர்த்தப்போவதில்லை. அத்தகைய இடத்தில் இருபது மீட்டர் நிலத்தை விசிறிக்கு விற்பது என்பது, இன்று ஒருவருக்கு மிச்சமாகும் செலவை நாளை வேறொருவர் தலையில் வைப்பதேயாகும். அந்த வேறொருவர் பெரும்பாலும் வாடகை வீட்டில் இருப்பவர், அல்லது 0.2 ஆளாக எண்ணப்படும் பிள்ளை.

இடைவெளியை ஒப்புதல் நாளன்று ஒருமுறை அளப்பதோடு கடமை முடிந்ததாக நினைப்பதும் தவறு. வரைபடத்தில் 30 மீட்டர் பச்சை வண்ணம் பூசியிருப்பார்கள். ஐந்தாண்டு கழித்துப் பார்த்தால் அங்கே மோட்டார் சைக்கிள் கொட்டகை இருக்கும். பத்தாண்டு கழித்தால் ஒட்டுக்கடை இருக்கும். குற்றத்தைப் பிறர்மேல் மட்டும் சுமத்துவானேன்? எம் பள்ளியும் நிழலுக்கென்று வேலியோரம் ஒரு நீள்கூரை போட்டு, அதனடியில் மேசைகளை இட்டிருக்கிறது. தொட்டி நம்மை நெருங்குவது போலவே நாமும் தொட்டியை நெருங்குகிறோம். கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் நேர்ந்தது இதுவே. ஊருக்கு வெளியே என்று வைத்ததை ஊர் சென்று சூழ்ந்துகொண்டது.

ஆகவே, புதிய குடியிருப்பு ஒன்றின் வரைபடத்தில் முதலில் இட வேண்டியது தொட்டியின் இடமும் அதன் இடைவெளியும் என்பேன். இப்போது நடப்பது தலைகீழ். வீடுகள், கடைகள், வாகன நிறுத்துமிடங்கள் அனைத்தையும் வரைந்துவிட்டு, எஞ்சிய முக்கோணத்தில் தொட்டியைத் திணிக்கின்றனர். பிறகு விதியோடு இழுபறி. தீவின் தென்கரையில் 2023இல் கடலைத் தூர்க்கத் தொடங்கிய சிலிக்கான் தீவு போன்ற வெற்றுத் தாளிலாவது இந்த வரிசை மாற வேண்டும். அங்கே "இடமில்லை" என்று சொல்ல எவருக்கும் வாய்ப்பில்லை.

பெற்றோர்களுக்கு ஒரு செய்தி. 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி, உள்ளூர்த் திட்டம் நடப்பில் இல்லாத இடத்தில் மேம்பாட்டு விண்ணப்பம் வந்தால், அண்டை நில உரிமையாளர்களுக்கு அறிவிக்க வேண்டும். அவர்கள் 21 நாளுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். 'நில உரிமையாளர்' என்பதைக் கூர்ந்து படியுங்கள். வாடகைக்குக் குடியிருப்போருக்கு அந்தக் கடிதம் வாராது. நம் தமிழ்ப்பள்ளிகள் பல, தோட்டத்தாரின் நிலத்திலும் கோயில் நிலத்திலும் பிறர் பெயரிலுள்ள நிலத்திலும் நின்று வருபவை. ஐம்பது ஆண்டு நின்ற பள்ளியாயினும், நிலம் வேறொருவர் பெயரில் இருந்தால் கடிதம் அவர் முகவரிக்கே போகும். எனவே உங்கள் பள்ளி நிற்கும் நிலம் யார் பெயரில் உள்ளது, அவருக்கு வரும் அறிவிப்பைப் பள்ளிக்குத் தெரிவிப்பாரா என்பதைப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் இப்போதே கேட்டு வைத்துக்கொள்வது நன்று. உள்ளூர்த் திட்டம் உள்ள இடத்திலோ, அத்திட்டத்தின் வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும் காலமே பேசுவதற்குரிய காலம். அப்போது போய்ப் பார்க்கும் தமிழர் எத்தனை பேர்? நானே இதுவரை போனதில்லை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இடைவெளி ஒன்றே போதும் என்றும் எண்ணிவிடாதீர்கள். உள்ளே என்ன நடக்கிறது என்பதற்குத் தனி விதி உண்டு. 2009ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தர (கழிவுநீர்) ஒழுங்குமுறைகளின்படி, கீழே குடிநீர் எடுக்கும் இடமுள்ள ஆற்றில் விடும் நீரில் உயிர்வழி ஆக்சிஜன் தேவை லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மிகக்கூடாது. பிற நீர்நிலைகளுக்கு 50. நம் சிற்றாற்றுக்கு 50தான். குடிப்பதற்கில்லை என்பதால் இந்தத் தளர்வு. பிள்ளைகள் அதில் மீன் பிடிப்பதை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

மீண்டும் எங்கள் கதைக்கு வருகிறேன். சங்கக் கூட்டத்தில் பழைய தாளைக் கிழிக்காமல் ஓரமாக வைத்துவிட்டு, புதியதொன்றை எழுதினோம். தொட்டி வேண்டாம் என்று அதில் இல்லை. நிலையம் இப்போது 30 மீட்டர் அகலமும் 40 மீட்டர் நீளமும் கொண்டது. அதையே 20 மீட்டர் அகலமும் 60 மீட்டர் நீளமுமாக ஆற்றோடு நீட்டினால் பரப்பு மாறாது. பள்ளிக்கு 30, ஆற்றுக்கு 10, இரண்டும் முழுமையாகக் கிட்டும். போவது வாகன நிறுத்துமிடத்தில் ஒரு வரிசை. அதையும் மீறி மூடிய நிலையந்தான் என்றால், விசிறியையும் வடிகட்டியையும் யார், எத்தனை ஆண்டுக்கு, எந்தப் பணத்தில் பேணுவார் என்பதை எழுத்தில் தருக என்று கேட்டோம். எங்கள் நீள்கூரையை வேலியிலிருந்து உள்வாங்கிக்கொள்கிறோம் என்றும் எழுதினோம். இந்தக் கடைசி வரியைச் சேர்ப்பதில்தான் கூட்டம் ஒன்றரை மணி நேரம் நீண்டது. கனவுந்து ஓட்டுநர் எழுந்து, "நம்ம பக்கம் நாம நகரலன்னா அவங்களை நகரச் சொல்ல முடியாது, எழுதுங்க ஐயா" என்ற பிறகே முடிவானது. முதற் கையொப்பம் அவருடையது, இரண்டாவது என்னுடையது.

மறுமொழி இன்னும் வரவில்லை. இதற்கிடையே பூந்தொட்டிகளை நகர்த்தி, எங்கள் செப்டிக் தொட்டியின் மூடியைத் திறந்து பார்த்தோம். விளிம்புவரை கசடு. எடுத்துச் செல்லும் வண்டி வரும் செவ்வாய்க்கிழமை வருகிறது. பிள்ளைகளின் ஓய்வு நேரம் காலையில் என்பதால், பிற்பகல் மூன்று மணிக்கு வரச் சொல்லியிருக்கிறோம்.